தண்ணீரில் நிற்கும் மரவாத்துகள்

அன்பு மகனுக்கு,

உன் தாத்தா செதுக்கிய மரவாத்துகளை வாங்க, பால்டிமோர் சேகரிப்பாளர் ஹார்லன் மறுபடி வந்தார். வேட்டையில் நிஜ வாத்துகளை ஈர்க்க உன் அப்பா மிதக்கவிட்டபடியே அவை கழிமுகத்தில் நிற்பதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பொக்கிஷத்த இப்படித் தண்ணில ஊறப்போட்டிருக்கீங்களேம்மா! அந்தப் பழைய சாயம் போனா எல்லாம் போச்சு. ஏன் இன்னும் எடுக்கல?"

"போட்டவருதான் எடுக்கணும், அய்யா. எங்க பக்கம் அதுதான் வழக்கம்."

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அன்று உன் அப்பா இல்லாமல் படகு மட்டும் கரைக்கு வந்தது அவருக்கும் தெரியும்.

நேற்று ஓரமெல்லாம் தண்ணீர் உறைந்துவிட்டது. பனிக்கட்டி இறுக்கினால் வாத்துகளின் கழுத்து முறிந்துவிடும் என்று உன் அப்பா சொல்வார். விற்பதைப் பிறகு பேசலாம். ஞாயிற்றுக்கிழமை உன் படகை எடுத்து வா. அப்பாவுக்குப் பதில் நீ ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடு, நான் அவற்றைக் கட்டிய கயிற்றைச் சுற்றி வைக்கிறேன்.

உன் அம்மா