சோதனைக்குப் போட்ட பத்துப் பெயர்கள்

பீரோவின் அடித்தட்டில் விரித்திருந்த தாளை இன்று மாற்றலாமென்று உருவினேன். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட பழைய பிரிண்டர் தாள். அதில் பத்துப் பெயர்கள்: என் சித்தப்பா, மச்சினன்கள், எங்கள் தெருக்காரர்கள். தாளோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது.

எண்பதுகளின் கடைசி. மேலமாசி வீதி மாடியில் நாம் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர். ஒரு டெர்மினல், இரண்டு நாற்காலி. ஏதோ ஒரு கம்பெனி, வேலைக்கு மனுப் போட்டவர்களின் பட்டியலைக் கொடுத்திருந்தது. குப்பை வரிகளை ஒதுக்கி, பெயருள்ள வரிகளை மட்டும் பிடித்து, இன்டர்வியூ கடிதம் அச்சடிக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்று நீ லீவு. நான் ஓர் அவசரக்குடுக்கை. எது பெயருள்ள வரி என்று மெஷினுக்கு அடையாளம் காட்டும் பேட்டர்னை நானே எழுதினேன்: ஓர் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு பெயர். இந்தப் பத்துப் பெயரைப் போட்டுச் சோதித்தேன். பத்துக்குப் பத்து! கடிதங்கள் தபாலில் போயின.

உங்கள் சௌராஷ்டிரா வீடுகளில் வீட்டுப் பெயருக்கு ஓர் எழுத்து, அப்பா பெயருக்கு ஓர் எழுத்து. இரண்டு இனிஷியல் உள்ள ஒருவரையும் என் பேட்டர்ன் பிடிக்கவில்லை. விடுபட்டவர்களில் உன் தங்கச்சியும் ஒருத்தி. இன்டர்வியூ முடிந்த பிறகுதான் உனக்குத் தெரிந்தது. இந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாய்:

"பத்துப் பேரும் ஒஞ் சொந்தக்காரய்ங்களாடா மாப்ள? தெனமும் ஒம்பக்கத்துலதான ஒக்காந்திருக்கேன். எம்பேரப் போட்டுப் பாக்கணும்னு தோணலையா?"

தப்பு என்னுடையதுதான் என்று சொல்லியிருக்கலாம். வாயில் சனி. "ஒங்க ஆளுகளுக்கு ரெண்டு இனிஷியல் இருந்தா அதுக்கு நான் என்ன பண்றது?" என்றேன்.

நீ டெர்மினல் பக்கம் திரும்பினாய். உட்கார்ந்து பேட்டர்னைத் திருத்தினாய். முதலாளி கேட்டபோதும் என் பெயரைச் சொல்லவில்லை. மறுநாள் டீக்கடையில், "நீங்க குடிங்க, நான் வாரேன்" என்றாய். நீங்க! அதற்குப் பிறகு மாப்ள என்று ஒருநாளும் கூப்பிடவில்லை. ஆறு மாதத்தில் பெங்களூர் போய்விட்டாய். நானும் ஒரு கடிதம் போட்டதில்லை. அம்புட்டு வீம்பு.

போன வாரம் திருப்பரங்குன்றத்தில் உன் தங்கச்சி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. மென்று விழுங்கிக்கொண்டு, "அன்னைக்கு ஒனக்கு லெட்டர் வராம போனது என்னாலதாம்மா" என்றேன்.

அவள் விழித்தாள். "அப்படியாண்ணே? மெஷின் கோளாறுன்னுல்ல அண்ணன் சொல்லுச்சு. இத்தன வருசமும் அதத்தான சொல்லிக்கிட்டிருந்துச்சு."

பஸ்ஸில் வரும்போது அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

இன்றைக்கும் எந்தப் புரோகிராமைச் சோதித்தாலும் முதல் வரியில் உன் பெயரைத்தான் அடிக்கிறேன், இரண்டு இனிஷியலோடு. ஒவ்வொரு முறையும் திரையில் வந்து நிற்கிறாய். தப்பு என்னுதுதான்டா என்று வாய்விட்டுச் சொல்கிறேன். உன் தங்கச்சியிடம் சொல்லியாகிவிட்டது. ஆனால் கேட்டிருக்க வேண்டியவன் நீ.