விழுப்புரம் ஸ்டேஷனில் நான் சொல்லாத சொல்

இன்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி கூடையை இறக்கி வைத்து, "அவிச்ச மல்லாட்டே!" என்று கூவினாள். ஆவியோடு அந்த வேர்க்கடலையின் உப்பு வாசம் முகத்தில் அடித்ததும், ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். உங்கள் காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் இருந்த வாசம். கூட்டத்திலிருந்து மீட்டு என்னைக் காரில் ஏற்றிய பிறகு, முன்சீட்டிலிருந்து திரும்பாமலே ஒரு கை அள்ளி நீட்டுவீர்கள். "சாப்டுங்கம்மா. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னலியே."

நான் அப்போது இந்தப் பக்கமெல்லாம் பேர்போன நாடகக்காரி. ஒருவன் கூட்டத்தோடு வந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்த பிறகுதான், பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த உங்களை நாடகக் கம்பெனி முதலாளி எனக்குக் காவலாக வைத்தார். நான் மேடையில் நின்றால், நீங்கள் மேடைக்கு முதுகைக் காட்டி ஜனங்களைப் பார்த்து நிற்பீர்கள்.

"என் நடிப்பு எப்படி இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நான் எங்கம்மா பாத்தேன்? நீங்க அழுதா எதிர்ல குந்திக்கினு இருக்கறவங்க மூஞ்சில தெரியும். அத்த பாத்து எனக்கும் தொண்ட அடைக்கும்."

அன்றிலிருந்து உங்கள் முதுகைப் பார்த்துத்தான் வசனம் பேசினேன். தனியாக இருக்கையில் நீங்களும் 'அம்மா'வை விட்டு என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தீர்கள். அந்தப் பேரை அவ்வளவு மெதுவாக வேறு யாரும் சொன்னதில்லை.

முதலாளிக்குத் தெரிந்துபோனது. "காவலுக்கு வெச்சவனையே கட்டிக்கினான்னு தெரிஞ்சா எவன் கொட்டாய்க்கு வருவான்? இத்தினி குடும்பம் உன்ன நம்பிக்கினு கெடக்குது" என்றார். மறுநாளே உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மதுரைக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்தோம். விழுப்புரம் ஸ்டேஷன், உச்சி வெயில். நீங்கள் காக்கி இல்லாமல் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தீர்கள். என் முக்காடு நழுவியது. யாரோ ஒருவன் என் பேரைச் சொல்லிக் கத்தினான். ஒரு நிமிஷத்தில் பிளாட்பாரம் முழுக்க ஜனம். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"யார்ரா நீ? அவங்க கைய புடிக்கிற?"

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. பிறகு எங்கெங்கோ. பத்துப் பேரைத் தூக்கி எறியக்கூடிய நீங்கள் கையை ஓங்கவே இல்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். 'இவர் என் வீட்டுக்காரர்.' அதைச் சொல்லியிருந்தால் போதும். பக்கம் பக்கமாக வசனம் பேசிய வாய் எனக்குத் திறக்கவில்லை. உங்கள் உதட்டில் ரத்தம் வந்த பிறகுதான் கத்தினேன்.

"விடுங்க! அவரு எங்கிட்ட வேலை செய்றவரு!"

விட்டுவிட்டார்கள். நீங்கள் சட்டைக் கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு என் பெட்டியை எடுத்தீர்கள். "வழி விடுங்கப்பா" என்று கூட்டத்தை விலக்கி, என்னைக் குதிரை வண்டியில் ஏற்றினீர்கள். நான் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன், நீங்கள் ஏறவில்லை.

"ஜல்தியா போங்கம்மா. கூட்டம் ஜாஸ்தியாவுது."

உங்கள் ஊர் பிரம்மதேசத்துக்கு எத்தனை கடிதம் எழுதினேன்! ஒன்றுக்கும் பதில் இல்லை. இரண்டு வருஷம் கழித்துக் கம்பெனியை விட்டு உங்கள் வீட்டுக்கே ஓடிவந்தேன். உங்கள் அக்காதான் இருந்தார்.

"போன மழையில மஞ்சக்காமால வந்து பூட்டான்."

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இன்னாத்த சொல்றது? 'கூட்டம் வர்றதுக்குள்ள அம்மாவ வண்டில ஏத்தணும், வழி விடுங்க'ன்னு பொலம்பிக்கினே கெடந்தான். எங்கம்மா செத்து எத்தினியோ வருசமாவுதே, இப்டி பேசறானேன்னு அழுதோம். ஆமா, நீங்க யாருங்க அவனுக்கு?"

தெருவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு கதறினார். நீங்கள் மட்டும் கேட்க இல்லை.

இப்போது திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது புருஷன் பேர் கேட்கிறார்கள். மற்றப் பெண்கள் சொல்லக் கூச்சப்பட்டு, கூட வந்தவர்களைச் சொல்லச் சொல்வார்கள். நான் உங்கள் பேரைச் சத்தமாகச் சொல்கிறேன். எழுதுகிறவர் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. வரிசையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்றைக்கும் இவ்வளவுதான் ஆகியிருக்கும், இல்லையா?