முகம் போடாத பேனர்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வேங்கிக்கால் பஸ் நிறுத்தச் சுவரில் புதுப் போஸ்டர். ஒரே ஒரு நாதஸ்வரம், கீழிருந்து கிளம்பி மேலே காகிதத்தையே தாண்டிப் போய்விட்டது. வாசிப்பவர் இல்லை. மீதி எல்லாம் வெறும் மஞ்சள். கச்சேரி விவரம் மூலையில், எறும்பு வரிசை மாதிரி. கிட்டே போனால்தான் படிக்க முடியும். போனேன். காலியாக விட்டவருக்கு எவ்வளவு தைரியம்.

பாயிடம் சொல்ல நினைத்து, சொல்லவில்லை. நான் டிசைன் செய்யும் ஃபிளெக்ஸ் கடையின் முதலாளி. காலி இடம் அவருக்கு ஆகாது. "சும்மா வுட்டா கஸ்டமர் கேப்பாம்மா. ஒரு பூவாவது போடு."

வெயில் ஜாஸ்தி. மெஷின் மை வாடை. தலைவலி.

மாலை ஒரு ஆர்டர். மஞ்சள் நீராட்டு விழா, கீழ்பென்னாத்தூர். தாய்மாமன் வந்தார், பெண்ணும் கூட. அவர் குரலுக்கே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். "பாப்பா மூஞ்சி பெருசா, பளிச்சுனு வரணும். ஸ்கூல் போற வழியில கட்றோம். ஊரே பாக்கணும்." போன் வந்து அவர் வெளியே போனதும் அந்தப் பெண் என் பக்கம் குனிந்து, "அக்கா, என் மூஞ்சிய சின்னதா போட்றீங்களா? தெரியாத மாதிரி?"

நான் ஆர்டர் சீட்டில் பேனர் அளவை எழுதிக்கொண்டிருந்தேன். தலைகூட ஆட்டவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

தூக்கம் இல்லை. 

எனக்கும் அதே ஊர், அதே வழி. ஒன்பதாம் வகுப்பு. விழா முடிந்தும் என் பேனரை யாரும் அவிழ்க்கவில்லை. பையன்கள் எனக்கு வைத்த பெயரே பேனர். "டேய், பேனர் வருது. காத்தடிக்குது, புட்ச்சிக்கோங்கடா." வீட்டில் வயிற்றுவலி என்றேன். தினமும் என்றேன். அப்புறம் யாரும் பள்ளிக்கூடம் போகச் சொல்லவில்லை.

போன பௌர்ணமிக்கு அம்மாவுடன் கிரிவலம். அடி அண்ணாமலையில் ஒரு இளநீர் வண்டிக்கு மேலே நிழலுக்குக் கட்டியிருந்தது அந்த ஃபிளெக்ஸ்தான். என் முகம் தலைகீழாக. அதன் கீழே நின்று ஜனங்கள் இளநீர் குடித்தார்கள். அம்மா கவனிக்கவில்லை. "தாகமா இல்லியாடி?" இல்லை என்று வேகமாக நடந்தேன். ஃபிளெக்ஸ் மக்காது. அதுதான் பயம்.

மதியம், சாப்பாட்டு நேரம். போனில் ஒரு சின்ன கார்ட்டூன். பாஷை புரியவில்லை. ஒரு சிறுமி, கடைசிவரை முதுகு மட்டும். இரண்டே கோடு. ஒன்று பை, ஒன்று ஜடை. அழும்போது ஜடைக் கோடு மட்டும் நடுங்குகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தயிர்சாதம் அப்படியே இருந்தது. பிறகு நான் போனில் சேர்த்து வைத்திருக்கும் பாட்டு ஆல்பம் அட்டைகள். பிடித்தவை எல்லாமே பாடியவர் முகம் இல்லாதவை. ஒன்றில் வாசலில் விட்ட செருப்பு மட்டும். உள்ளே யாரோ பாடுவது தெரிகிறது.

மாமன் அனுப்பிய படங்களைத் திரும்பவும் பார்த்தேன். ஒன்றில் அந்தப் பெண் பின்பக்கம் திரும்பி நிற்கிறாள், பூ ஜடை தெரிவதற்காக. எல்லா விழாவிலும் எடுப்பதுதான். யாரும் பேனரில் போடுவதில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

இரண்டு டிசைன் செய்தேன்.

ஒன்று, வழக்கம்போல். முகம், ரோஜா, மயில், சொந்தக்காரர் தலைகள்.

இன்னொன்று, ஜடை. பேனர் உயரம் முழுக்க. மல்லி, கனகாம்பரம், அடியில் குஞ்சம். தலை வரவேண்டிய இடத்தில் பேனர் முடிந்துவிடும். பின்னால் அரக்குச் சிவப்பு, வேறு எதுவும் இல்லை. கீழே மூலையில் மாமன் படம், சின்னதாக.

பாய் ரொம்ப நேரம் பார்த்தார். "அழகாத்தாம்மா கீது. ஆனா மூஞ்சி எங்க? அந்த ஆளு, எதிர்க்கடைல பேரு ஒண்ணு வுட்டுப் போச்சுனு கம்ப்யூட்டரத் தள்ளி வுட்டவன். தெரியுமா?"

தெரியாது. தெரிந்ததும் அழிக்கப் போனேன்.

"இரு, இரு. ரெண்டயும் காட்டுவோம். கேட்டா நீதான் பதில் சொல்லணும். எனக்கு பி.பி."

வேலை போனால் வீடு. வீட்டில் நாள் முழுக்க. 

ஆகஸ்ட் 22, வெள்ளி

மேகமூட்டம். புழுக்கம். இன்று மாமன் வரும் நாள். நாளைக்கு வரச்சொல்லி இருக்கலாம், மழை வரலாம், அவர் வராமலே போகலாம்.

கடை திறந்ததும் வந்தார். பெண் வரவில்லை. முதல் டிசைனுக்குத் தலையாட்டினார். இரண்டாவது வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"இன்னாது இது? பாப்பா மூஞ்சி எங்க? யாரு போட்டது?"

பாய் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்து முனகினேன். மாமன் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

"சத்தமா சொல்லும்மா, ஒண்ணும் கேக்கல."

"அந்த வழியிலதான் சார் நானும் படிச்சேன். என் பேனரும் அங்கதான் கட்டினாங்க."

"அதுக்கு?"

"அப்பறம் ஸ்கூலுக்குப் போகல."

 அப்பா பெயரைக் கேட்பார், வீட்டுக்கு வந்து சொல்வார் என்று நினைத்தேன். அவர் போன் அடித்தது. எடுக்கவில்லை.

"எத்தினியாவதுல நின்ன?"

"ஒம்போது சார்."

"இதுவும் ஒம்போதுதான்." எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

ஜடையைத் திரும்ப மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு விரல் மூலைக்குப் போனது. "சரி, இதயே போடு. ஆனா தாய்மாமன் மூஞ்சி இத்துனூண்டு இருந்தா எப்படிம்மா? எவன் மதிப்பான்? பெருசாக்கு."

கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தை ஓரத்தில் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினேன்.