நோயில்லாத முட்டை

1968 செப்டம்பர் 10, செவ்வாய்.

கோழிப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்குத் தனியாக ஒரு நொதி உண்டு என்று நம்பி மூன்று வருடமாக உழைத்தேன். நோய்க்கட்டியிலிருந்து எடுத்த சாறு ஏற்றிய முட்டைகளின் கருவில் அந்த நொதி இருந்தது. பேராசிரியர் சந்தோஷப்பட்டு, சென்னைக் கூட்டத்தில் கட்டுரை படிக்கச் சொல்லிவிட்டார்.

இன்று எதுவும் ஏற்றாத முட்டைகளைச் சோதித்தேன். அவற்றிலும் அதே அளவு இருக்கிறது. வளரும் கரு தன் தேவைக்குச் செய்துகொள்ளும் நொதியைத்தான் வைரஸுடையது என்று நினைத்துவிட்டேனா?

ஒரு நப்பாசை: முட்டையிட்ட கோழிகளுக்கே அந்த நோய் இருந்திருந்தால்? மாலையில் திண்டுக்கல்லிலிருந்து பஸ் பிடித்து அய்யலூருக்குப் போய், முட்டை கொடுக்கும் செல்லாயி அக்காவிடம் கோழிகளுக்கு நோய் உண்டா என்று கேட்டேன்.

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்ல சார். போன கோடையில நாலஞ்சு கோழி வயிறு வீங்கிச் செத்துச்சு. அம்புட்டுத்தான்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே அக்கா?"

"நீங்க முட்டைதானே கேட்டீக?"

வயிறு வீங்குவது அந்தப் புற்றுநோயிலும் உண்டு. அப்படியானால் தாய்க்கோழியிடமிருந்தே வைரஸ் முட்டைக்குள் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். அந்த நொதி கருவுடையதா, வைரஸுடையதா என்று இந்த முட்டைகளை வைத்து இனி பிரித்துச் சொல்ல முடியாது. அக்கா மேல் குற்றமில்லை. முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவன் நான்.

பேராசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. மூன்று வருடம் எதை அளந்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்பதை எந்த வார்த்தையில் எழுதுவது?