அப்பா வேண்டுமென்றே எழுதிய தப்பு

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய், போனில் நீ அழுதால் நானும் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும்.

நாங்கள் அங்கே வந்து உன்னோடேயே இருக்க, விசாவுக்கு அந்த இங்கிலீஷ் பரீட்சை பாஸாக வேண்டும் என்றாயே, அதற்காகச் சைக்கிள் கடை மாடியில் சாயங்கால வகுப்புக்குப் போய்வந்தோம். டீச்சர் சின்னப் பெண். ஒரு வாக்கியத்தில் 'ஆல்தோ' போட்டால் அதிலேயே 'பட்' போடாதீர்கள், ஒன்று போதும், 'ஹவெவர்' என்றால் முன்வாக்கியத்தை முற்றுப்புள்ளி வைத்து முடித்துவிட்டு எழுதி, பக்கத்தில் ஒரு கமா வையுங்கள் என்று தொண்டை வற்றச் சொன்னாள். எனக்கே பிடிபட்டுவிட்டது. உன் அப்பா மட்டும் ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் 'ஆல்தோ', 'பட்' இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கோட்டைவிட்டார். மழை பெய்தாலும் ஆனால் வேன் வந்தது என்கிற மாதிரி எழுதிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் உட்கார்ந்திருப்பார். வயசாகிவிட்டது பாவம் என்று நான்தான் ஏமாந்தேன்.

போன வாரம் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரி, அவளும் அதே வகுப்புதான், வீட்டுப்பாடத்தை அவரிடம் காட்டினாள். நான் பாத்திரம் தேய்த்தபடி காது கொடுத்தேன். மனுஷர் வேண்டாத 'பட்' எல்லாவற்றையும் அடித்து, 'ஹவெவர்' பக்கத்தில் கமா வைத்து, ஏன் என்று விளக்கமும் சொல்கிறார்! எனக்கு வந்ததே கோபம். அவள் போனதும் பிடித்துக்கொண்டேன். முதலில் மழுப்பினார், அப்புறம், "இங்க ஸ்கூல் வேன் ஓட்டுறேன், பிள்ளைங்க எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குதுங்க. அங்க போனா மாப்பிள்ளை ஓட்டுற கார்ல பின் சீட்ல உக்காந்திருக்கணும். வரலைன்னு சொன்னா குழந்தை மனசு ஒடைஞ்சிடும், ஃபெயிலாயிட்டா யார் மேலயும் தப்பில்ல பாரு" என்றார். குழந்தை என்றது உன்னைத்தான். வேண்டாமென்றால் வாயைத் திறந்து மகளிடம் சொல்லுங்கள், பரீட்சைமேல் பழி போடாதீர்கள் என்று திட்டினேன். திட்டினேனே தவிர எனக்கும் மனசு ஆறவில்லை. நீ எங்கள் அறைக்குப் பெயிண்ட் அடித்து, அப்பாவுக்கு உயரமான கட்டில்கூட வாங்கிவிட்டாய். உன் பக்கத்தில் இருக்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா.

நேற்று நிஜப் பரீட்சை. குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். என்ன எழுதினீர்கள் என்று பஸ்ஸில் நச்சரித்துக் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "என் மகள்மேல் உயிரையே வைத்திருந்தாலும், அவள் வீட்டில் போய் வாழ எனக்கு விருப்பமில்லை." அவர் எழுதிய இங்கிலீஷில் தொடக்கத்தில் ஒரே ஒரு 'ஆல்தோ', 'பட்' கிடையாது, தேடினாலும் பிழை இல்லை. பாஸாகிவிடுவார் கண்ணு. ஆனால் வரமாட்டார். அவரை விட்டுவிட்டு நானும் வரமாட்டேன்.

லீவு நாட்களில் வந்து உன்னோடு இருந்துவிட்டுப் போகிறோம், அதற்கு மட்டும் சரியென்று தலையாட்டியிருக்கிறார். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நன்றாக இருக்க வேண்டும். அழ வேண்டும்போல் இருந்தால் அழுதுவிடு, திட்ட வேண்டும்போல் இருந்தால் திட்டு, மறக்காமல் அவருக்குப் போன் மட்டும் செய். நான் உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா