ஒரே டோக்கன்

ஜூன் 3, செவ்வாய்
காலையிலேயே கொளுத்துகிறது. நஸீமா வீடு, பூந்தமல்லி. வெளியே மெட்ரோ வேலைச் சத்தம். அது உள்ளே வராமலிருக்க ஜன்னலில் இரண்டு ரஜாய்ப் போர்வை தொங்கவிட்டு எங்கள் பாட்காஸ்ட் வேலை. வசந்தி பேசியதை வெட்டி ஒட்டினோம். அவளுக்குத் திருமழிசையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நாற்பது பெண்களுக்குக் கழிவறை டோக்கன் ஒன்றே ஒன்று. கைக்கு வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த பத்திரிகைக்கு இதை எழுதி அனுப்பியிருந்தேன். "அவங்க நம்ம விளம்பரதாரர்." அவ்வளவுதான் பதில். த்தூ.

வசந்தியின் பெயரை நீக்கினேன். குரலையும் மாற்றிவிடலாமா என்றேன்.
"ரோபோ மாதிரி ஆயிடும்டி. உயிரே போயிடும்." கல்லூரி நாளிலிருந்து நஸீமாவுக்கு இதே பிடிவாதம்.
ஒத்துக்கொண்டேன். இருபது வருட அச்சுப் பத்திரிகைப் பழக்கம்: பெயரை எடுத்தால் ஆள் மறைந்துவிடும் என்ற நினைப்பு. மாலையில் இணையத்தில் ஏற்றியாகிவிட்டது.

ஜூன் 5, வியாழன்
தோசை மாவு. காஸ் புக்கிங். பல் டாக்டர் (போகவில்லை).

வசந்தி போன். "யக்கா, சாப்பாட்டு நேரத்துல சூப்பர்வைசர் ஸ்பீக்கர்ல போட்டான். என் கொரலு ரெண்டு வார்த்த வரல, அல்லாரும் என்னியே பாக்குறாளுங்கோ. நாளையிலேர்ந்து வராதன்னுட்டான். பேர் வராதுன்னியே?"
"பேர் வரலியே" என்றேன். சொன்ன வாயை அறைய வேண்டும்.

பிறகு நஸீமா. "செமயா ஷேர் ஆவுதுடி!" போனை வைத்துவிட்டேன். ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்துவிட்டு மாற்று இதழியலாம். எபிசோடை எடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி
புழுக்கம். பஸ்ஸில் உட்கார இடமில்லை. மன்னிப்புக் கேட்க வசந்தி வீடு. வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.
"எட்த்துட்டியாமே? யாரக் கேட்டு எட்த்த?"
"உனக்கு மேல பிரச்சினை வேணாம்னு..."
"வேலயே பூட்ச்சு, இன்னும் இன்னா பிரச்சின? கூட வேல செய்றவளுங்க இன்னிக்கு லீவு போட்டுட்டு லேபர் ஆபீஸ் போனாளுங்க, ஆபீசருக்குப் போட்டுக் காட்ட. போன்ல தேடுனா இல்லியாம். அசிங்கப்பட்டு வெளில நிக்கிறாளுங்க. அடக்கிக்கினு கெடந்தது நாங்கோ. என் வாய அடக்க நீ யாரு?"

அங்கேயே நின்று மறுபடி ஏற்றினேன். வசந்தி லிங்க்கை அந்தப் பெண்களுக்கு அனுப்பிவிட்டு, முதலிலிருந்து கேட்டாள். முகத்தில் கோபம் துளியும் இறங்கவில்லை.
"நான் பேசுனது கரீட்டா கீது. முன்னாடி வந்து நீ பேசிக்கினே கீறியே, அத வெட்டு."

மூன்று நிமிட முன்னுரை. வெட்டியாகிவிட்டது.