எரிக்காமல் விட்ட மல்லாட்டை

2025 மே 9, வெள்ளி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. வலைக்கூடத்துக்குள் அதைவிட மோசம். காலையிலிருந்து மேடமும் நானும் கூலி வேலைக்கு வரும் பொன்னியக்காவும் செடியைப் பிடுங்குவது, காயைப் பறிப்பது, பையில் போட்டு நம்பர் ஒட்டுவது, இதே வேலை. இடுப்பு கழன்றுவிட்டது.

ரஹமத்துன்னிசா மேடம் இந்த ஒரு வேர்க்கடலையின், ஊர்ப்பேச்சில் மல்லாட்டையின், பின்னால் எட்டு வருடமாக அலைகிறார். எண்ணெய் சீக்கிரம் காறிப்போகாத கடலை. செடியின் சொந்த மரபணுவில் ஓரிடத்தில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். ஆனால் வெட்டுவதற்கு ஒரு கத்தரிக்கோல் வேண்டும். அது வேறொரு நுண்ணுயிரியின் மரபணு. வெட்டு விழுந்த பிறகு, அடுத்த தலைமுறையில் அந்தக் கத்தரிக்கோல் இல்லாத செடிகளை மட்டும் பொறுக்கிக்கொள்வோம். கத்தரிக்கோல் ஒட்டிக்கொண்டு வந்தவற்றைக் கழித்து எரித்துவிட வேண்டும்.

அந்நிய மரபணு இல்லை என்று காட்டிவிட்டால் டெல்லியின் பெரிய கமிட்டிக்குப் போய்த் தவம் கிடக்க வேண்டியதில்லை. 2022-ல் விதியைத் தளர்த்திவிட்டார்கள். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் சொந்தக் கமிட்டியே பார்த்து விடுவிக்கலாம். அரசாங்கம் நியமித்த ஒருவரும் ஒரு டாக்டரும் அதில் இருப்பார்கள். ஜூனில் கூட்டம். டிசம்பரில் மேடம் ஓய்வு. ஜூனில் முடிந்தால் மேடம் பெயரிலேயே இந்தக் கடலை வலைக்கூடத்தை விட்டு வெளியே வரும். என் ஒப்பந்த வேலையும் நீளும்.

"நம்மளே பரீட்ச எழுதி நம்மளே மார்க் போட்டுக்கலாம். சூப்பர் மேடம்!" என்றேன்.

"சிரிக்காத அன்பு. போலீஸ் நிக்கற ரோட்ல எல்லாருந்தான் ஒழுங்கா போவாங்க" என்றார்.

2025 மே 11, ஞாயிறு

நாளை சித்ரா பௌர்ணமி. கூட்டம் இன்றைக்கே நெரிகிறது. மதியத்துக்கு மேல் கிரிவலப் பாதையை அடைத்துவிடுவார்கள், அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்கு ஒரு வண்டி நகராது. போன முறை செங்கம் ரோடு வரை நடந்து செருப்பு அறுந்ததை மறக்கவில்லை.

காயெல்லாம் பை வாய் திறந்து கூடத்துத் தரையில் காய்கிறது. பொறுக்கியது ஒரு பக்கம், கழித்தது ஒரு பக்கம். கழித்ததை இன்று குழியில் எரிக்க வேண்டும். எரிந்து முடியும்வரை எங்களில் ஒருவர் நிற்க வேண்டும் என்று விதி. மேடம் வானத்தையும் ரோட்டையும் பார்த்தார். "நீ கெளம்பும்மா, குழந்தைய வெச்சிருக்க. நானும் கெளம்பறேன், முட்டி தாங்காது. வேடியப்பன் பாத்துக்குவான்."

வேடியப்பன் அண்ணன் வாட்ச்மேன். பொன்னியக்காவின் வீட்டுக்காரர். வீடும் நிலையத்தை ஒட்டியேதான்.

2025 மே 13, செவ்வாய்

பொன்னியக்கா தூக்குவாளி நிறைய அவித்த மல்லாட்டை கொண்டு வந்தார். "பௌர்ணமிக்கு மலை சுத்தறவங்களுக்குப் போட்டேன்மா. மகளுக்குக் கல்யாணம் கூடினா போடறேன்னு வேண்டுதல். உனக்குனு கொஞ்சம் எடுத்து வெச்சேன்."

உப்பும் மஞ்சளும் போட்டு, அடடா! நான் பாட்டுக்கு ஓடு உரித்துத் தின்றுகொண்டே இருந்தேன்.

2025 மே 15, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

குழியைப் பார்த்தேன். கொடி எரிந்த சாம்பல் இருக்கிறது. ஓட்டுச் சாம்பல் இல்லை. ஒரு கரிந்த காய்கூட இல்லை. பொன்னியக்காவைக் கூப்பிட்டேன்.

"கொடியத்தான் எரிச்சோம். மல்லாட்டைய எப்டிம்மா எரிக்கறது? சாப்படற பொருளாச்சே. ஜனங்க பசியோட நடக்குதுங்க. நான் வாங்கி வெச்சிருந்ததோட இதையும் சேத்து அவிச்சிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு என்னென்னவோ கத்தினேன். அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். பிறகு நானே வாயை மூடினேன் — நான் தின்றதும் அதுதானே?

இன்னும் கேள். "எந்தப் பக்கம் கெடந்தத எடுத்தீங்க?" என்றால், "கிட்ட இருந்தத அள்ளனேன்" என்கிறார். பொறுக்கியதிலும் கை போயிருக்குமா? தெரியாதாம். அதற்கு மேல் ஒன்று: "திரட்சியா இருந்துச்சுன்னு ஒரு ஆழாக்கு பச்சையா வெச்சிருந்து, முந்தாநாள் எங்க கெணத்தோரம் ஊனிட்டேம்மா."

அவித்தது முளைக்காது. ஊன்றியது முளைக்கும். கத்தரிக்கோலோடு முளைக்கும்!

2025 மே 16, வெள்ளி

மேடத்திடம் சொன்னேன். கத்தவில்லை. ஒரு சல்லடையைக் கேட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். நேராகப் பொன்னியக்கா கிணற்றடிக்குப் போனார்.

ஊன்றிய இடத்து மண்ணை முழுக்கத் தோண்டிச் சலித்தோம். வேடியப்பன் அண்ணன் வெட்ட, நான் அள்ள, மேடம் சலித்தார். முட்டி வலிக்காரர், வெயிலில், மண்ணில் உட்கார்ந்துகொண்டு. துப்பட்டாவெல்லாம் செம்மண். நாங்கள் போதும் என்று சொன்ன பிறகும் இன்னொரு தடவை சலித்தார். முளைவிட்ட பருப்பெல்லாம் ஒரு டப்பாவில். அந்த இடத்தை ஒரு வருடம் தரிசாகப் போட்டுக் கண்காணிக்க வேண்டும் என்றார். பொன்னியக்கா, "சொல்லுங்க மேடம், போட்டுடறோம்" என்று கையைக் கூப்பினார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "அதான் எல்லாத்தையும் எடுத்துட்டோமே மேடம். விட்ருங்க. தின்னவங்க ஆந்திரா போயிருப்பாங்க, பெங்களூர் போயிருப்பாங்க. யாருக்குத் தெரியப்போகுது? ஜூன்ல கூட்டம். டிசம்பர்ல நீங்க போயிடுவீங்க. எட்டு வருசம் மேடம்!"

மேடம் சொன்னார்: "இந்த விதிய எழுதறதுக்கு முன்னாடி வரைவு போட்டுக் கருத்து கேட்டாங்க அன்பு. தளர்த்தக் கூடாது, இந்த நிலையங்கள நம்ப முடியாதுன்னு நெறய பேர் எழுதினாங்க. நான் நம்பலாம்னு எழுதினேன். பக்கம் பக்கமா எழுதினேன்."

மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உங்க மேடத்துக்கு மறை கழண்டுடுச்சா?" என்றார். அவரையும் திட்டினேன். மேடத்தை நான் திட்டலாம், இவர் யார் திட்ட?

2025 மே 19, திங்கள்

மேடம் கமிட்டிக்கு நடந்ததையெல்லாம் எழுதி, அனுப்பக் கொடுத்துவிட்டார். இயக்குநர் சகாதேவன் சார் அறைக்குக் கூப்பிட்டார். போனோம்.

"எழுதறதுதான் எழுதறீங்க, 'காவலரின் கவனக்குறைவால்'னு ஒரு வரி போட்டுடுங்க மேடம். வேடியப்பன நிறுத்திட்டோம்னா விஷயம் அங்கயே முடிஞ்சிடும். உங்க மேலயும் வராது, என் மேலயும் வராது."

"நிக்க வேண்டியது நான் சார். ரோட்ட அடைச்சிடுவாங்கன்னு கெளம்பினது நான். எரின்னு சொன்னேன், எதுக்கு எரிக்கணும்னு ஒரு நாள்கூட ஒக்காந்து சொல்லல. அவங்க எப்டி எரிப்பாங்க?"

"யோசிங்க. ஓய்வு பெறப் போற நேரத்துல..."

"அதுக்குத்தான் சார், நிம்மதியா போகணும்ல?"

சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது. அதே நேரம் அழுகையும். என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. ஒரு வருடம் தள்ளிப்போனால் என்னை யார் வைத்துக்கொள்வார்கள்? மேடத்துக்கு அது தெரியும். தெரிந்தும் செய்தார் என்பதுதான் எனக்குக் கடுப்பு. தெரிந்தும் செய்தாரே என்பதுதான்... விடு.

2025 மே 20, செவ்வாய்

மேடத்திடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீ கொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். குடிக்கவில்லை. ஆறின பிறகு குடித்தேன்.

2025 ஜூன் 4, புதன்

கமிட்டி கூடியது. அரசாங்க நியமன உறுப்பினர் மாறன் சார் வேலூர்ப் பக்கமிருந்து வந்திருந்தார். சாதுவாகத்தான் தெரிந்தார், கேள்வி கேட்க ஆரம்பித்ததும் எல்லோருக்கும் வியர்த்தது. கிணற்றடியை நேரில் போய்ப் பார்த்தார். குழியைப் பார்த்தார்.

டாக்டருக்கு ஒரு கவலை: தின்றவர்களில் பெயர் தெரிந்த ஆள் யாராவது உண்டா? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வயிறு எப்படிம்மா இருந்துச்சு?" "ரொம்ப ருசியா இருந்துச்சு சார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாறன் சார்கூடச் சிரித்துவிட்டார். வெந்த கடலை, வயிற்றுக்குள் மற்ற உணவைப் போலத்தான் செரிக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இருந்தாலும் நடந்ததை அடி அண்ணாமலையில் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு மாறன் சார் மேடத்தைக் கேட்டார்: "பொறுக்கி வெச்ச கடலைய என்ன பண்ணலாம்னு நெனைக்கறீங்க? ஒவ்வொண்ணையும் மறுபடி சோதிச்சா தேறுமே?"

எனக்கு உயிர் வந்தது. மேடம் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சோதிச்சா தேறும் சார். ஆனா ரெண்டு குவியலும் கலந்துருக்கலாம்னு அந்தம்மா சொல்றாங்க. நம்பர் ஒட்டின பையும் இப்ப நம்பற மாதிரி இல்ல. முந்தின தலைமுறை விதை கிடங்குல பூட்டி இருக்கு. அதுலேர்ந்து திரும்ப வளக்கறதுதான் முறை. விண்ணப்பத்த நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

அவர்கள் கேட்கக்கூட இல்லையே! தானாகவே எடுத்து நீட்டினார். மாறன் சார் பேனாவை மூடி வைத்தார். போகும்போது வாசலில் நின்று மேடத்துக்குச் சலாம் சொன்னார். நான் பார்த்தேன்.

வேடியப்பன் அண்ணன் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

2025 ஜூன் 8, ஞாயிறு

மேடம் ஊரில் எல்லோரையும் கூட்டிப் பேசினார். நானும் போனேன். எது கத்தரிக்கோல், எது கடலை, ஏன் எரிக்கிறோம் என்று எல்லாம். பூ விற்கிற அம்மா ஒருவர், "இத மொதல்லயே சொல்லி இருந்தா நாங்களே வந்து கொளுத்தி இருப்பமே" என்றார். டீக்கடைக்காரர் மட்டும், "எங்கள வெச்சு டெஸ்ட் பண்ணிட்டீங்களா?" என்று சண்டைக்கு வந்தார். மேடம் எதிர்த்துப் பேசவில்லை, முழுக்கக் கேட்டார், மன்னிப்புக் கேட்டார். அப்புறம் அந்த ஆளே டீ போட்டுக் கொடுத்தார்.

நேர்மை நேர்மை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, அது இவ்வளவு வேலை வாங்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

2025 அக்டோபர் 3, வெள்ளி

பழைய விதையிலிருந்து முளை வந்துவிட்டது. மேடம் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்க்கிறார், அறுவடையைப் பார்க்க இங்கே இருக்க மாட்டார் என்று தெரிந்தே.

2025 டிசம்பர் 31, புதன்

மேடத்துக்குக் கடைசி நாள். சால்வை, பிரியாணி, போட்டோ. சகாதேவன் சார் பேச்சில் எட்டு வருட உழைப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. பொன்னியக்கா ஒரு முழம் கனகாம்பரம் கொண்டுவந்தார். மேடம் பூ வைப்பதில்லை, கையில் சுற்றிக்கொண்டார்.

திட்டப் பொறுப்பாளர் இடத்தில் இனி என் பெயர். ஒப்பந்தத்தையும் நீட்டித்துவிட்டார்கள், அடுத்த கூட்டம் வரைக்கும். "எட்டு வருசம் நீங்க சுமந்தீங்க, பேரு எனக்கா?" என்றேன். "வாங்கிக்கோ. திட்டும் சேந்துதான் வரும்" என்றார்.

ஆட்டோவில் ஏறும்வரை சிரித்துக்கொண்டேதான் இருந்தார். நான்தான் மானங்கெட்டுப்போய் எல்லோர் முன்னாலும் அழுதேன்.

2026 மார்ச் 12, வியாழன்

அறுவடை முடிந்து, காயும் காய்ந்து பையில் ஏறிவிட்டது. சோதனை முடிவெல்லாம் சுத்தம். திங்கட்கிழமை கமிட்டி.

காலையில் பொன்னியக்கா கூப்பிட்டார். கூடத்தின் மூலையில் எலி வலையைக் கடித்து நுழைந்திருக்கிறது. கழித்த பையில் ஒன்று பிய்ந்து கிடக்கிறது. அவரும் வேடியப்பன் அண்ணனும் வெளியே வளையைத் தோண்டினார்கள். ஓடு கிடைத்தது. முழுக்காயும் கொஞ்சம் கிடைத்தது. எல்லாமா என்று எப்படிச் சொல்வது?

சகாதேவன் சாரிடம் போனேன். "எலிக்கெல்லாமா கமிட்டி? திங்கக்கெழம கையெழுத்து விழட்டும்மா. அப்புறம் நிதானமா எழுதிக்கலாம். உன் பேருல வர்ற மொத அனுமதி, உன் வேலையும் அதுலதான் இருக்கு, யோசிச்சுக்கோ."

யோசித்தேன். ஒரு மணி நேரம் அந்த மூலையிலேயே உட்கார்ந்து யோசித்தேன். பொன்னியக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் மாறன் சாருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். வலையை யார் எப்போது கடைசியாகப் பார்த்தது, நான் எதைப் பார்க்கத் தவறினேன், எல்லாவற்றையும். மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் நல்ல பொண்ணு என்பார், அதற்காகவே செய்தது போல் ஆகிவிடும்.

அனுப்பியதையே திரும்பத் திரும்பத் திறந்து படிக்கிறேன். வேலை போய்விடுமோ என்ற பயம் விடவில்லை. அன்றைக்கு எழுதிக் கொடுத்தபோது மேடத்துக்கும் இப்படித்தான் பயமாக இருந்திருக்குமா? பக்கத்திலேயேதான் இருந்தேன். நான் பார்க்கவே இல்லையே.